ஆடியில் கொட்டிய கெட்டி மேளம்

ஆடி பிறந்துவிட்டால் கல்யாண மண்டபத்தில் மின்விசிறி துடைப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருந்த ஒரு மண்டபத்தில், மாடியில் மாப்பிள்ளை வீட்டாருக்கென்று கட்டிய அறையில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம். நாதஸ்வரக்காரர், தவில்காரர், நான். அவர்கள் இருவரும் மாமன் மச்சான். நான் தாளம் போடுகிறவன். சுருதிப் பெட்டியின் சுவிட்சைப் போடுவதும் நான்தான்.

எட்டாவதில் கணக்குப் பரீட்சை அன்று பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, செங்கல்பட்டு ரயிலில் ஏறிவிட்டவன் நான். அதற்குப் பிறகு ஒரே இடத்தில் ஒரு வருஷம் இருந்ததாக நினைவில்லை. தாம்பரத்தில் பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தேன். குரோம்பேட்டையில் ஜவுளிக்கடை வாசலில் நின்று ‘வாங்க வாங்க’ என்றேன். லாரியில் கிளீனராகப் போய், டிரைவரோடு சண்டை போட்டு நெல்லூரில் இறங்கினேன். இந்த மண்டபத்துக்கு வந்தது பந்தியில் தண்ணீர் வைக்கத்தான். அன்றைக்குத் தாளம் போடுகிறவர் வரவில்லை. என் கையில் இருந்த ஜக்கை வாங்கிக் கீழே வைத்துவிட்டு ஜால்ராவைக் கொடுத்தார்கள். நாதஸ்வரக்காரர் தலையை ஆட்டும்போதெல்லாம் தட்டினேன். கல்யாணம் நடந்துவிட்டது.

ஓனர் மண்டபம், சமையல், மேளம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பேசுவார். அதனால் எங்களுக்கு அந்த அறை. முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை வீட்டார் வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போய்விடுவோம். மற்ற நாட்களில் மாப்பிள்ளை நாங்கள்தான். ஆடியில் வருமானம் இல்லை என்றாலும் பட்டினி கிடந்ததில்லை. தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். எந்தக் கோயிலில் எந்தக் கிழமை என்று தெரிந்திருந்தால் போதும். தவில்காரர் அதிலும் கோயில் பார்த்துத்தான் போவார். ஒரு கோயிலில் முருங்கைக்கீரைப் பொரியல் நன்றாக இருக்கும், இன்னொன்றில் கூழில் மோர் போதாது என்பார்.

ஆடி பிறந்ததும் ஒரு பெட்ஷீட் வியாபாரி வந்து மண்டபத்தை ஒரு மாதத்துக்குக் கேட்டார். ஆடித் தள்ளுபடிக் கடை போட வேண்டுமாம். கீழே கடை, மாடி அறையில் மூட்டைகள். அதாவது எங்கள் அறையில். மற்ற இருவருக்கும் செய்யூர்ப் பக்கம் வீடும் குடும்பமும் இருந்தன. எனக்குத் தாம்பரம் ஸ்டேஷன் இருந்தது. முன்பு அங்கே படுத்திருக்கிறேன். பெரிய கஷ்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் மழை வந்தால் எல்லாரும் ஒரே பக்கம் நகர்வார்கள், விடிவதற்குள் செருப்பு போய்விடும். தாழ்ப்பாள் உள்ள அறையில் சில மாதம் தூங்கிப் பழகிய பிறகு அங்கே திரும்பிப் போக எனக்கு மனமில்லை.

அப்போதுதான் ஓனரின் மகள் வந்து சேர்ந்தாள். காட்டாங்குளத்தூரில் விஸ்காம் படித்துக்கொண்டிருந்தாள். பேச்சே இல்லாத பழைய காலப் படம் ஒன்றைத் திரையில் ஓட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்து ஆட்கள் இசை வாசிக்க வேண்டும், அதைப் பொதுஜனங்கள் பார்ப்பதை வீடியோ எடுத்துப் பேராசிரியரிடம் காட்ட வேண்டும், அதுதான் அவளுடைய புராஜெக்ட். கீபோர்டு வாசிக்கும் தோழி ஒருத்தியை வைத்துக்கொள்வதாக இருந்தாள். ஓனர் ஒப்பவில்லை. வெளியிலிருந்து எதுக்கு ஆளு, மேல மூணு பேரு சும்மாதானே கீறாங்க என்று சொல்லிவிட்டார். பிறகு மாடிக்கு வந்தார்.

“இத பாருங்க. ஞாயித்துக்கிழம படம் போடறோம். ஜனம் கடைசி வரைக்கும் குந்திகினு பாத்துச்சுன்னா மண்டபம் பேரு பரவும், ஆவணி புக்கிங்குக்கு ஆவும், ஆடி முழுக்க வாராவாரம் இதையே போட்டுக்கலாம், நீங்களும் இங்கயே கெடங்க. நடுவுல எழுந்து பூட்டாங்கன்னா, திங்கக்கிழம பெட்ஷீட்டுக்காரன் வந்துருவான். ரூமைத் தொறந்து குடுத்துடணும்.”

எனக்கு அது நியாயமாகவே பட்டது. மனிதர்களை நாற்காலியில் உட்கார வைப்பது அப்படி என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

ஒத்திகை எங்கள் அறையில் நடந்தது. அந்தப் பெண் தன் போனைத் தலையணையில் சாய்த்து வைத்தாள். நாங்கள் மூவரும் தலைகள் முட்டிக்கொள்ளும்படி குனிந்து பார்த்தோம். வெளிநாட்டுப் படம். ஓர் ஒல்லியான ஆள், எப்போதும் சளி பிடித்துத் தும்மிக்கொண்டே இருப்பான். இறகு வைத்த தொப்பியோடு ஒரு பெண். பெரிய மீசையோடு ஒரு போலீஸ்காரர், அந்த ஒல்லி ஆள் எங்கே போனாலும் பின்னாலேயே வருவார்.

இவங்க பேசறாங்களா, பேசலையா என்று நாதஸ்வரக்காரர் கேட்டார். பேசுவாங்க அண்ணா, நமக்குக் கேக்காது என்றாள் அந்தப் பெண்.

“எனக்கு எல்லாருமே அப்படித்தாம்மா” என்றார் தவில்காரர்.

அது உண்மை. பல வருஷமாகக் காதுக்குப் பக்கத்தில் தவிலை அடித்து அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. கல்யாணத்தில் ஐயர் சொல்வது ஒன்றும் அவருக்குக் கேட்காது. தன் தவிலும் மச்சானின் நாதஸ்வரமும் மட்டும் கேட்கும். மற்றதெல்லாம் கண்ணால்தான்.

நாதஸ்வரக்காரர் ஆளுக்கொரு வாசிப்பு ஒதுக்கினார். போலீஸ்காரருக்கு மல்லாரி. மல்லாரி சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பதாயிற்றே, அவருக்கு எதற்கு என்று நான் கேட்டேன். “அவரு வந்தா எல்லாரும் ஒதுங்கி நிக்கிறாங்க இல்ல” என்றார். அந்தப் பெண் அதைப் போனில் குறித்துக்கொண்டாள். முழுப் படத்துக்கும் வாசித்துப் பார்த்தோம். ஒரு தப்பும் வரவில்லை. வராததற்குக் காரணம் போன் சின்னதாக இருந்ததுதான் என்று பிறகு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இரண்டு புது எட்டு முழ வேட்டிகளைப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து மேடையில் கட்டினோம். நடுவில் பச்சைக் கரை ஒன்று மேலிருந்து கீழாக ஓடியது. படத்தில் யார் நடந்தாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஓனரை அடக்க முடியவில்லை. மண்டபத்தில் விளக்குப் போட்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. வாசலில் வாழைமரம் வேண்டாம் என்று மகள் அழாக்குறையாகச் சொன்னதால் அதை மட்டும் விட்டுவிட்டார். சந்தனம், கற்கண்டு, பன்னீர் எல்லாம் வைத்தாயிற்று. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கும்பிட்டார். சுற்றியிருந்த லேஅவுட்டுகளில் புதிதாக வீடு கட்டி வந்தவர்கள், பழைய ஊர்க்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். வாட்ஸ்அப்பில் செய்தி போனதில் யாரும் படத்தைப் பற்றிய வரியைப் படித்ததாகத் தெரியவில்லை. பெண்கள் பாதிப் பேர் பட்டுப்புடவையில் இருந்தார்கள். ஒருவர் கலர் பேப்பரில் சுற்றிய சுவர்க் கடிகாரத்தோடு வந்து யாரிடம் கொடுப்பது என்று கேட்டார். என்ன விசேஷம் என்று அவருக்குத் தெரியாது. மண்டபத்துக்குக் கையை வீசிக்கொண்டு வரக்கூடாது என்று மட்டும் தெரிந்திருந்தது.

முன் வரிசை நடுவில் ஓனரின் அக்கா உட்கார்ந்தார். அந்தக் குடும்பத்தில் அவர் சொல்லை மீறி ஆடு கூட வாங்கமாட்டார்கள். சினிமாக் கொட்டகை மாதிரி இருக்கட்டும் என்று அந்தப் பெண் எல்லார் கையிலும் ஒரு பாக்கெட் பாப்கார்ன் கொடுத்தாள். கேசரி, பஜ்ஜி, காபி பின்னால் டைனிங் ஹாலில் தயாராகிக்கொண்டிருந்தது. படம் முடிந்த பிறகுதான் சாப்பாடு, அப்போதுதான் எவனும் எழுந்திருக்கமாட்டான் என்பது ஓனரின் கணக்கு.

நாங்கள் திரைக்குப் பக்கத்தில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தோம். படம் ஓடியது. ஒல்லி ஆள் தும்மினான், ஜனம் சிரித்தது. தொப்பிக்காரப் பெண் வந்தாள், நாதஸ்வரம் குழைந்தது. நான் தாளம் போட்டுக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. அறை நம்முடையதுதான் என்று நினைத்தேன்.

அப்போது போலீஸ்காரர் வந்தார். மல்லாரி வாசித்தோம். அவர் ஒல்லி ஆளின் முன்னால் வந்து நின்று, ஆள்காட்டி விரலை உயர்த்தி முன்னும் பின்னும் ஆட்டி மிரட்டினார். போனில் அந்த விரல் எறும்பு அளவுகூட இருந்திருக்காது. இப்போது வேட்டியில் ஓர் ஆள் உயரத்துக்கு இருந்தது.

தவில்காரர் கெட்டி மேளம் கொட்டினார்.

ஐயர் விரலை ஆட்டினால் கெட்டி மேளம். அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தது அந்த விரலைத்தான், ஐயரின் முகத்தைக்கூட அல்ல. நாதஸ்வரக்காரரும் மச்சானின் அடியைக் கேட்டதும் யோசிக்காமல் சேர்ந்துகொண்டார். நானும் ஜால்ராவைப் படபடவென்று தட்டினேன். எனக்கும் அப்படித்தான் பழக்கம்.

கூட்டத்துக்கும் பழக்கம் இருந்தது. முதலில் பெண்கள் கையில் இருந்த பாப்கார்னை எடுத்து அட்சதை போலத் திரையைப் பார்த்து எறிந்தார்கள். பிறகு எல்லாரும் போட்டார்கள். பின்னால் இருந்த சமையல்காரருக்கும் மேளம் கேட்டது. கெட்டி மேளம் கேட்டால் இலை போடு என்பது அவருடைய சட்டம். போட்டுவிட்டார். கேசரி வாசனை வந்தது. நாற்காலிகள் கிறீச்சிட ஜனம் எழுந்து டைனிங் ஹாலைப் பார்த்து நடந்தது.

ஓனர் வழியை மறித்துக்கொண்டு படம் இன்னும் முடியவில்லை என்று கெஞ்சினார்.

“தாலி கட்டியாச்சே சார்” என்றார் ஒருவர், தன் பாட்டுக்கு நடந்துகொண்டே.

என் அறை நாற்காலி நாற்காலியாக எழுந்து போய்க்கொண்டிருந்தது. நான் தாளத்தை நிறுத்தவில்லை. நிறுத்தி என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்தப் பெண் ஓடி வந்து தவில்காரரின் காதருகே குனிந்தாள். “ஏன் அண்ணா அடிச்சீங்க?”

“விரலைக் காட்டினாரும்மா.”

“அவரு அந்த ஆளைத் திட்டறாரு.”

“திட்டட்டும். விரலைக் காட்டினாரு.”

அதற்குள் ஒல்லி ஆள் தும்மினான், தவில்காரர் மறுபடியும் கொட்டினார். கல்யாணத்தில் யாராவது தும்மினால் அபசகுனம் காதில் விழாமல் மேளத்தால் மறைக்க வேண்டும். சத்தமே வரவில்லையே, எதை மறைக்கிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். சத்தம் வராவிட்டால் என்ன, தும்மினான் இல்லையா என்றார். அவள் மேடைப் படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள்.

மண்டபத்தில் மிச்சம் இருந்தது ஓனரின் அக்கா மட்டும். வீட்டுக்காரர்கள் முதல் பந்தியில் உட்காரக்கூடாது என்பதால் அவர் எழுந்திருக்கவில்லை. அவர் ஒருவருக்காகவே வாசித்துக்கொண்டிருந்தோம். போலீஸ்காரர் இந்த முறை ஒல்லி ஆளையும் தொப்பிக்காரப் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து விரலை ஆட்டினார். மேளம் கொட்டியது. அந்த அம்மாள் தம்பியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“இன்னாடா இது. மேளம் மூணு வாட்டி கொட்டியாச்சு, இன்னும் தாலி ஏறல. ஆடி மாசம். நம்ப மண்டபம். அப்படியே வுட்டா ஆவணில எவன்டா பொண்ண இட்டுக்கினு இங்க வருவான்?”

ஓனர் முகம் வெளுத்துவிட்டது. படம், பேராசிரியர், புராஜெக்ட் எதுவும் அவருக்குப் புரியாமல் இருந்தது. இது புரிந்தது. நேராக டைனிங் ஹாலுக்குப் போய் மைக்கைப் பிடித்தார். பெரியோர்களே, தாலி இன்னும் கட்டவில்லை, தயவுசெய்து உள்ளே வந்து உட்காரவும் என்று அறிவித்தார்.

ஜனம் திரும்பி வந்தது. பாதிப் பேர் கையில் கேசரியோடு. தாலி கட்டுவதற்கு முன்னால் சாப்பிட்டுவிட்டோமே என்ற சங்கடம் அவர்கள் முகத்தில் இருந்தது. பழைய இடத்திலேயே உட்கார்ந்து, முன்பு இல்லாத கவனத்தோடு படம் பார்த்தார்கள். இப்போது அவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த இரண்டு பேருக்கும் எப்போது கல்யாணம். ஒல்லி ஆளுக்கு வேலை இல்லை என்று தெரிந்தபோது பின்னால் ஒருவர் உச்சுக்கொட்டினார். பெண் வீட்டார் யாரையும் காணோமே என்று ஓர் அம்மாள் விசாரித்தார். போலீஸ்காரரைப் பெண்ணின் தாய்மாமன் என்று எல்லாருமாக முடிவு செய்துவிட்டார்கள். அவர் விரலை ஆட்டும்போதெல்லாம் மேளம் கொட்டியது, அந்த மனுஷன் அவசரப்படறாரு என்று யாரோ சொன்னார்கள். நாதஸ்வரக்காரர் ராகங்களை விட்டுவிட்டு ஊஞ்சல் பாட்டுக்கு வந்துவிட்டார்.

படம் முடிந்தது. ஒல்லி ஆள் ஒரு நீளமான சாலையில் தனியாக நடந்து போனான். தொப்பிக்காரப் பெண் கைக்குட்டையை ஆட்டினாள். ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் வந்தன. வேட்டி வெள்ளையானது.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. கடைசி வரைக்கும் உட்கார்ந்துவிட்டார்கள். ஆனால் ஓனர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அவ்ளோதான் அத்தை, படம் முடிஞ்சிடுச்சு” என்றாள் அந்தப் பெண்.

“அத்தினி வாட்டி மேளத்த கொட்டிட்டு முடிஞ்சிடுச்சுன்னா இன்னாடி அர்த்தம். அவன் எங்க போறான்? கூப்புடு அவன.”

கூப்பிட முடியாது என்று அவள் எவ்வளவோ சொன்னாள். கூட்டம் அத்தையின் பக்கம் இருந்தது. கடைசியில் அந்த அம்மாளே ஒரு வழி சொன்னார். நடுவில் ஓர் இடத்தில், சளி பிடித்த ஒல்லி ஆளின் கழுத்தில் தொப்பிக்காரப் பெண் தன் மஃப்ளரைச் சுற்றிக் கட்டுவாள். அந்த இடத்துக்குப் போய்ப் படத்தை நிறுத்து என்றார். பெண் போய் ஆணுக்குக் கட்டுவதா என்று கடிகாரக்காரர் ஒரு சந்தேகம் கிளப்பினார்.

“யார் கட்டினா இன்னா? கழுத்துல ஏறினா சரி” என்றார் அந்த அம்மாள்.

ஓனரின் மகள் படத்தைப் பின்னால் ஓட்டி அங்கே நிறுத்தினாள். ஒல்லி ஆள் வாயைப் பாதி திறந்து தும்முவதற்குத் தயாராக நின்றான். தொப்பிக்காரப் பெண்ணின் கைகள் அவன் கழுத்தில். பச்சைக் கரை இருவருக்கும் நடுவில். போலீஸ்காரர் அந்தக் காட்சியில் இல்லை, விரலை ஆட்ட ஆள் இல்லை. தவில்காரர் குச்சியைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். ஓனரின் அக்கா எழுந்து நின்று தன் விரலை உயர்த்தி ஆட்டினார்.

அந்தக் கெட்டி மேளம் மாதிரி நாங்கள் நிஜக் கல்யாணத்தில்கூட வாசித்ததில்லை. வாசலில் இருந்த பன்னீர்ச் செம்பு உள்ளே வந்தது. தரையில் கிடந்த பாப்கார்னைப் பொறுக்கி மறுபடி போட்டார்கள். கடிகாரத்தைத் திரைக்குக் கீழே வைத்துவிட்டு அதன் சொந்தக்காரர் நிம்மதியாகக் கைகூப்பினார். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. வரிசையாக மேடையேறி, குடும்பம் குடும்பமாக வேட்டியின் இரண்டு பக்கமும் நின்று அந்தத் தம்பதியோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வெளிச்சம் மேலே விழுந்ததால் சிலர் சட்டையில் ஒல்லி ஆளின் காது தெரிந்தது.

அந்தப் பெண்ணின் பேராசிரியர் வீடியோவைப் பார்த்து என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

ஓனர் என் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு ஒரு குழப்பம் இருந்தது. ஜனம் நடுவில் எழுந்து போனது உண்மை. திரும்பி வந்ததும் உண்மை. இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் மேடையைக் காட்டி, இன்னும் யாரும் போகலையே சார் என்றேன். வரிசை வாசல் வரைக்கும் நின்றது. அவர் தலையைச் சொறிந்தார்.

அப்போது அவர் போன் அடித்தது. பெட்ஷீட் வியாபாரி. மேளச் சத்தம் இன்னும் அடங்காததால் ஓனர் ஸ்பீக்கரில் போட்டார். காலையில் வண்டி அனுப்பவா, ரூம் சாவியை யாரிடம் வாங்குவது என்று அந்த ஆள் கேட்டார்.

“இல்லப்பா, ஹால் இல்ல. மாசம் முழுக்க புக் ஆயிடுச்சு. கல்யாணம்.”

“இன்னா சார் சொல்றீங்க. ஆடில எவன் சார் கல்யாணம் வெக்கிறான்?”

ஓனர் திரையை ஒரு தரம் பார்த்தார்.

“வெள்ளக்காரங்க வூட்டுக் கல்யாணம்பா. அவங்களுக்கு ஏது ஆடி” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, அடுத்த வாரத்துக்கு முடிவில் தாலி கட்டுகிற படமாகப் பார்த்து வைக்கச் சொல் என்று மகளிடம் அனுப்பினார்.